கன்னத்து டோக்கன்

அடிப்பதற்கு அந்த ஊரில் உரிமம் தேவையில்லை. தடுப்பதற்குத்தான் தேவை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று சட்டம் எழுதினவர்கள் கேட்டார்கள். கோபம் வந்தால் அடிப்பது மனுஷனுக்குத் தும்மல் மாதிரி, தானாக வருகிறது. தும்மலுக்கு யார் உரிமம் கொடுக்க முடியும்? ஆனால் தடுக்கிறவன் யோசித்துத் தடுக்கிறான். யோசிக்கிறவனைச் சும்மா விடக்கூடாது.

கிரில்காரருக்கு ஐம்பத்தாறு வயது வரைக்கும் இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இரும்பு. ஜன்னலுக்குக் கிரில், வாசலுக்கு இழுப்புக் கதவு, மதிலுக்கு மேலே ஈட்டி முனை. திருடன் நுழையாமல் இருக்கக் கம்பி என்ன கனம் வேண்டும், பூனை நுழையாமல் இருக்க எத்தனை அங்குல இடைவெளி வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஊரில் பாதி வீட்டுக்கு அவர் கைதான் காவல். வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைத் தடுக்க என்ன கிரில் போடுவது என்று மட்டும் யாரும் அவரிடம் வந்து கேட்டதில்லை. அவரும் அதை நினைத்துப் பார்த்ததில்லை, ஒரே மகள் இடது காது வீங்கி, பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும்வரை.

வந்து பத்து நாள் ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை வந்தார். சரக்குக் கொட்டகையில் மேஸ்திரி. கை ஒவ்வொன்றும் தூண். மரியாதை தெரிந்தவர், செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுத்தான் உள்ளே வந்தார். கொடுத்த டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பிறகு எழுந்து, மகளின் தலைமுடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வாசலுக்கு இழுத்தார். நிலைப்படியில் அவள் நெற்றி இடித்த சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது.

கிரில்காரர் அடிக்கவில்லை. மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார், அவ்வளவுதான். இரும்பு வளைக்கிற கை, பிடித்தால் விடாது.

"விடுங்க மாப்பிள்ளை."

"நீங்க விடுங்க மாமா. பெரியவங்களை அடிச்சான்னு எனக்குக் கெட்ட பேர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை இன்னொரு கையால் அவர் விலாவில் நாலு குத்து விட்டார். மூன்றாவது குத்தில் உள்ளே ஏதோ விறகு ஒடிகிற மாதிரி ஒடிந்தது. பிடி மட்டும் விடவில்லை. கடைசியில் மகளின் முடி விடுபட்டது, ஒரு கொத்து மாப்பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. அவர் அதைத் தட்டிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவேன், அவளைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தற்காப்பு உரிம அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. தாங்கள் ஞாயிறு காலை ஒன்பதரை மணியளவில், உரிய உரிமம் இன்றி, தங்கள் மகளாரைத் தற்காத்துள்ளதாகத் தெரியவருகிறது என்று ஆரம்பித்தது. மறுமுறை தற்காத்தால் பட்டறைக்கு முத்திரை வைக்கப்படும். தற்காக்கப்பட்ட பொருள், தற்காப்பு நிகழ்வதற்கு முன் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே திருப்பி ஒப்படைக்கப்படும் என்று முடிந்தது.

மகள்தான் வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

"பொருள்னா நானாப்பா?"

"ஆபீஸ் பாஷைம்மா" என்றார்.

வீட்டுக்காரி தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள். ஊரில் நாய்க்குக்கூட உரிமம் வாங்குகிறார்கள், உங்களுக்கு ஒரு உரிமம் வாங்கத் துப்பில்லையா, வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காகிதம் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வீட்டில் கை இருந்தும் முடவர்களாக நாம் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கிரில்காரர் விலாவில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

அலுவலகம் மூன்று தெரு தள்ளி இருந்தது. வாசலில் முன்னாள் சிப்பாய் ஒருவர், மீசைக்காரர், காவலுக்கு நின்றார். கேட் ஓரம் தரையில் கிழித்திருந்த கோட்டைக் கிரில்காரர் தாண்டியதும், மீசைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டார். காதுக்குள் ஆயிரம் வண்டு ரீங்காரம் போட்டது.

"என்னய்யா இது?"

"டோக்கன்" என்றார் மீசைக்காரர். "அஞ்சு விரலும் விழுந்திருக்கு. அழியறதுக்குள்ள போயிடுங்க. அழிஞ்சா திரும்ப வரணும்."

உள்ளே பெஞ்சுகளில் ஜனங்கள் ஆளுக்கொரு கன்னத்தை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு அதிகமாக இருக்கிறவருக்கு முதல் அழைப்பு. தாடி வைத்த கொத்தனார் ஒருவருக்குக் கன்னத்தில் டோக்கன் தெரியாது என்று முதுகில் போட்டிருந்தார்கள். அவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். காலையிலிருந்து மூன்று முறை அழிந்துவிட்டது என்று ஒரு தையல்காரர் மூக்கில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். சுவரில் பெரிய எழுத்தில் அலுவலக வாசகம்: 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்.'

முதல் ஜன்னலில் இருந்த கிரிலைப் பார்த்ததும் கிரில்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்தது. கம்பியோடு கம்பி பத்த வைத்த இடம் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அதை விரலால் தடவிக்கொண்டு, ஐயா வணக்கம், ஃபாரம் வாங்க வந்தேன் என்றார்.

"நேத்து நான் லீவுதான். சொல்லிட்டுத்தான் போனேன்" என்றார் எழுத்தர்.

நான் அதைக் கேட்கவில்லையே என்று கிரில்காரர் பார்த்தார்.

"ஃபைல் காணாமப் போனது எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல. நான் தூங்கினதா சொல்றவங்க பொறாமையில சொல்றாங்க" என்று எழுத்தர் மேலும் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான். யாரும் கேட்காததற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கேட்டதற்குத்தான் பதில் வராது. சப்பைக்கட்டுக் கட்டுவதில் அவர்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி உண்டு என்று தையல்காரர் பிறகு சொன்னார்.

ஃபாரத்தில் முப்பது கேள்வி. ஏழாவது: தங்களைத் தாக்கப்போகிறவர் யார், தேதி, நேரம், கருவி. எட்டாவது: தாக்கப்போகிறவரின் சம்மதக் கையொப்பம். ஒன்பதாவது: தாங்கள் இதற்கு முன் கொல்லப்பட்டதுண்டா, ஆம் எனில் எத்தனை முறை.

ஒன்பதாவதில் கிரில்காரர் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். இல்லை என்று போட்டால் ஆபத்து இல்லாத கேஸ் என்று தள்ளிவிடுவார்கள், ஒன்று என்று போடுங்கள் என்று எழுத்தர் நல்ல மனசோடு சொல்லிக்கொடுத்தார். கிரில்காரர் ஒன்று என்று போட்டார்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து வாங்கச் சரக்குக் கொட்டகைக்குப் போனார். மாப்பிள்ளை வேலையாக இருந்தார். மூட்டை ஒன்று கிழிந்துவிட்டது என்று ஒரு சுமைத் தொழிலாளியின் கழுத்தைத் தூணோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். அந்த ஆளின் கால் பெருவிரல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாமனாரைப் பார்த்ததும் மாப்பிள்ளை அவனைக் கீழே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். ஃபாரத்தை நிதானமாக வாசித்தார். நேரம் என்ற இடத்தில் மத்தியானம் பன்னிரண்டு என்று எழுதினார். கருவி என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'கை. தேவைப்பட்டால் கால்' என்று எழுதினார்.

"நமக்குள்ள ஒளிவுமறைவு எதுக்கு மாமா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டார். பிறகு, இப்படி ஒன்று கொடுக்கிறார்கள் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தோடு அன்று சாயங்காலமே போய்த் தனக்கும் ஒரு ஃபாரம் வாங்கிவிட்டார்.

புதன்கிழமை அளவு அறை. நாலு பக்கமும் வெள்ளையடித்த சுவர், ஆள் உயரத்துக்கு மட்டும் பழுப்புக் கறை. அளவர் என்று ஒருவர், ஒல்லியாக, கண்ணாடி போட்டவர், மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு தடியர்கள்.

"பயப்படாதீங்க. நாங்க யாரையும் அடிக்கிறதில்லை. அளக்கிறோம்" என்றார் அளவர்.

விஷயத்தை அவர் விளக்கினார். வாங்கின அடியின் அளவுக்குத்தான் தற்காக்கலாம், ஒரு குன்றிமணி கூடக்கூடாது. அதனால் அடி எத்தனை அளவு என்று விண்ணப்பதாரருக்கு உடம்பில் தெரிந்திருக்க வேண்டும். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று. பரீட்சை முடிகிறவரை விண்ணப்பதாரர் எந்தத் தற்காப்பும் செய்யக்கூடாது, உரிமம் இன்னும் வரவில்லை அல்லவா.

சின்னது வயிற்றில் விழுந்தது. கிரில்காரர் கண்ணை மூடிவிட்டார்.

"இமைத் தடுப்பு. செல்லாது" என்று எழுதினார் அளவர்.

மறுபடி சின்னது. பிறகு நடுத்தரம், ஒடிந்த விலாவிலேயே. கை தானாக இரண்டு அங்குலம் எழுந்துவிட்டது. செல்லாது, முதலிலிருந்து என்றார் அளவர். முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, கிரில்காரர் கண்ணைத் திறந்து, கையைத் தொங்கவிட்டு, மரம் மாதிரி நின்றார். பெரியது தாடையில் விழுந்தது. வாய் நிறைய ரத்தம். மேல்வரிசைப் பல் ஒன்று தரையில் உருண்டு மேஜைக்கடியில் போனது. தடியர்களில் ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுக்க, அளவர் அதை உறையில் போட்டு ஒட்டி, மேலே எண் எழுதி, அலுவலகச் சொத்து என்று முத்திரை குத்தினார்.

மாப்பிள்ளை பதினொரு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அளவர் எழுந்து வந்து அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார். தடியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கய்யா. ஒரு கீறல் இல்லை. ஒரு தழும்பு இல்லை. இதுதான் தற்காப்பு. எங்க சார் பழகினீங்க?"

"வீட்டுலயே பழகினதுதான் சார்" என்றார் மாப்பிள்ளை, வெட்கப்பட்டுக்கொண்டு.

அரை மணியில் அவர் தேறிவிட்டார். கிரில்காரரின் தாளில், உடம்பெல்லாம் காயம், தற்காப்புத் திறமை துளியும் இல்லை, நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினார்கள். மாப்பிள்ளைக்குச் சாதாரண உரிமம் போதாது, நாடா கோத்த பெரிய உரிமமே கொடுக்கலாம் என்று சிபாரிசு போனது. அதை வைத்திருக்கிறவர் நடந்து போகிற வழியில் யார் குறுக்கே நின்றாலும், நின்றவர்தான் தாக்கியவர். நாற்பத்து மூன்று பேருக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விழாவில் கொடுப்பார்கள். விழா முடிந்தால் மத்தியானம். மாப்பிள்ளை நேராக மாமனார் வீட்டுக்கு வரத் தோதாக இருந்தது.

அன்று வீட்டில் மகள் துணியைச் சூடுபண்ணி அவர் தாடையில் ஒற்றினாள். அவள் நெற்றியில் நிலைப்படி பட்ட இடம் கறுத்துப் போயிருந்தது. நான் போய்விடுகிறேன் அப்பா என்று மெதுவாகச் சொன்னாள்.

"எனக்காக இன்னும் எத்தனை பல்லுதான் குடுப்பீங்க?"

நாக்கால் துழாவி எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருபத்தேழு இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை, தலைமைத் தற்காப்பாளரைப் பார்த்து முறையிடலாம் என்று தையல்காரர் சொன்ன யோசனையில், இரண்டு டோக்கன் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். தலைவர் பெரிய அறையில், மேஜைக்குப் பின்னால், கிரிலுக்குப் பின்னால், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காகிதம் கொடுக்க மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சந்து. கிரில்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே பேச ஆரம்பித்தார். மைக் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"பத்தொன்பது வருஷமா இந்த அலுவலகம் நடக்குது. இதுவரைக்கும் நாங்க ஒருத்தரைக்கூட அடிச்சதில்லை. வாசல்ல குடுக்கிறது டோக்கன். அறையில குடுக்கிறது அளவு. போன வருஷம் ஒருத்தர் அளவு அறையில செத்துட்டாருன்னு பேசிக்கிறாங்க. அவர் நாங்க அடிச்சுச் சாகலை, தடுக்காததால செத்தார். தடுத்திருந்தா உரிமம் இல்லாமத் தடுத்த குத்தம். அந்தக் குத்தத்துலேருந்து அவரைக் காப்பாத்தினோம். அவர் பெஞ்சாதி வந்து ஒரு நன்றி சொல்லலை. சரி, போகட்டும். எங்களுக்கு எதிரி ஜாஸ்தி. யாருன்னு பார்த்தா, வரிசையில நிக்கிற எல்லாரும்தான். ஏன்னு தெரியலை. நாங்க யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்லை. அதை எழுதியே வச்சிருக்கோம்."

கிரில்காரர் மரியாதையாகக் கேட்டு முடித்தார். பிறகு சந்தில் வாயை வைத்துக் கேட்டார்.

"ஐயா, என் பொண்ணை அடிக்கிறவருக்கு எதுக்கு உரிமம்?"

தலைவர் மேஜைக்கடியில் பாய்ந்தார். எங்கேயோ மணி அடித்தது. கதவுகள் மூடின. கீழே எழுத்தர், நான் இல்லை, நான் இல்லை என்று கத்துவது கேட்டது. ஆறு பேர் ஓடி வந்தார்கள். முதல் ஆள் முழங்காலை மடக்கி அவர் அடிவயிற்றில் இறக்கினான். விழுந்த பிறகு பூட்ஸ் கால்கள். ஒரு கால் காதில், ஒரு கால் கழுத்தில். இடது கைச் சுண்டுவிரலை ஒருவன் மிதித்துத் திருகினான், பீடியை அணைக்கிற மாதிரி. கிரில்காரர் கையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. அந்தக் குற்றம் வேறு சேர வேண்டாம் என்று இரண்டு கையையும் தரையில் விரித்துப் போட்டுப் படுத்திருந்தார். ஒவ்வொரு உதைக்கும் அவர்கள் தற்காப்பு, தற்காப்பு என்று சொல்லிக்கொண்டார்கள். விதி அப்படி. சொல்லாமல் உதைத்தால் அடித்ததாகிவிடும்.

களைத்துப்போய் நிறுத்தினார்கள். தலைவர் வெளியே வந்து முழங்காலில் தூசியைத் தட்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"கேள்வி எந்த வழியா உள்ள வந்துச்சு?" என்று கேட்டார்.

எல்லோரும் தேடினார்கள். ஒருவர் சந்தைக் காட்டினார். உள்ளங்கை அகலம், ஒரு கேள்வி தாராளமாக நுழையலாம். முதல் ஜன்னலிலும் இதே மாதிரி சந்து இருப்பதாக எழுத்தர் மாடிப்படியிலிருந்து சொன்னார். தலைவர் தலையில் கைவைத்தார். நாளைக்கு விழா. எல்லா அதிகாரிகளும் கீழ்க்கூடத்தில் ஒரே இடத்தில் இருப்பார்கள். யாராவது வெளியிலிருந்து ஒரு கேள்வியை எறிந்தால் என்ன ஆகும்?

"இந்தக் கிரில் யார் போட்டது?"

"நான்தாங்க" என்றார் கிரில்காரர், தரையிலிருந்து.

அப்போதே உத்தரவு தயாரானது. எழுத்தர் எழுத, தலைவர் முத்திரை குத்தினார். நாளைக் காலை விழா தொடங்கியதும், கட்டடத்தின் சகல ஜன்னல், வாசல், சந்து, இடுக்கு அனைத்தையும், ஒரு கேள்விகூட நுழையாதபடி இரும்புத் தகட்டால் அடைக்கவும். விருந்தினருக்குப் புகை படாமல் இருக்க, வேலையை வெளியிலிருந்தே செய்யவும்.

கிரில்காரர் உத்தரவை வாங்கி ரத்தம் படாமல் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசித்தார். முப்பது வருஷத் தொழில். அளவில் எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்கு உடனே தெரியும்.

"ஐயா, அப்ப உள்ள இருக்கிறவங்க எப்படி..."

ஆறு பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். கிரில்காரர் வாயை மூடிக்கொண்டார்.

"நல்லதுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை தட்டு வண்டியில் தகடு, ஜெனரேட்டர், கம்பிக் கட்டு எல்லாம் ஏற்றினார். சுண்டுவிரலில் குச்சி வைத்துக் கட்டியிருந்தது. மகளும் வண்டியோடு வந்தாள். வீட்டில் இருந்தால் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவாரே. மீசைக்காரரிடம் கன்னத்தைக் காட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு, உத்தரவைக் காட்டி, வேலையை ஆரம்பித்தார். கூடுதலாக இருந்த கறுப்புக் கண்ணாடியை மகளிடம் கொடுத்தார்.

"போட்டுக்கோம்மா. வெளிச்சம் கண்ணை அடிக்கும்."

"கண்ணைக் காப்பாத்திக்க இதுக்கு உரிமம் வேண்டாமாப்பா?" என்று கேட்டாள். வந்த பதினைந்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

உள்ளே விழா ஆரம்பித்துவிட்டது. கைதட்டல் கேட்டது. தலைவர் மைக்கில், நாம் யாரையும் அடித்ததில்லை என்றார், கைதட்டல். கிரில்காரர் மேற்குப் பக்கத்து ஜன்னலில் ஆரம்பித்தார். மகள் தகட்டைத் தாங்கிப் பிடித்தாள், அவர் பத்த வைத்தார். பொறி மழையாகக் கொட்டியது. ஒரு ஜன்னல், அடுத்த ஜன்னல், சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டை, பின்கதவு. எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு இடத்திலும் தட்டிப் பார்த்தார், எறும்பு போகிற இடம் இருந்தால்கூட மறுபடி வைத்தார். உள்ளே ஒவ்வொரு ஜன்னலாக இருட்டாக, ஒவ்வொரு தடவையும் தலைவர் மைக்கில் நமது பாதுகாப்பு கூடிக்கொண்டே போகிறது என்று சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள்.

பதினொன்றே முக்காலுக்கு முன்வாசல் மட்டும் பாக்கி. அதிலும் கடைசித் தகட்டில் கை நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் முகம் வந்தது. மார்பில் நாடா பளபளத்தது. வேர்த்து ஊற்றியது.

"மாமா, நேரமாச்சு. வழி விடுங்க. வீட்டுக்குப் போகணும்."

"உத்தரவு மாப்பிள்ளை" என்று காகிதத்தைக் காட்டினார்.

"நாங்க எப்படி வெளிய வர்றது?"

"அதைக் கேட்கக்கூடாதுன்னுட்டாங்க."

மாப்பிள்ளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையை நீட்டிக் கிரில்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். தகட்டில் நெற்றி மோதியது. மறுபடி இழுத்தார், மறுபடி மோதியது. தோல் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மகள் தகட்டை விட்டுவிட்டு ஓடி வரப் பார்த்தாள். பிடித்துக்கொள், ஆடக்கூடாது என்றார். அந்தக் கையைத் தட்டிவிட அவருக்கு உரிமம் இல்லை. முகமூடியை மட்டும் இறக்கிக்கொண்டார்.

"கையை எடுத்துக்குங்க மாப்பிள்ளை. சுடும்."

மாப்பிள்ளை எடுக்கவில்லை. கிரில்காரர் வேலையைத் தொடர்ந்தார். பொறி சிதறியது, இறைச்சி தீய்கிற வாடை வந்தது, உள்ளே ஒரு அலறல். கை போய்விட்டது. மிச்சம் இருந்த இடைவெளி இரண்டு நிமிஷத்தில் அடைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வெந்த கையை உதறின மாப்பிள்ளையின் முழங்கை பின்னால் நின்ற யாருடைய மூக்கிலோ பட்டிருக்க வேண்டும். மூக்குக்காரரும் உரிமம் வாங்கினவர். தற்காப்பு என்று ஒரு குரல், தொடர்ந்து எலும்பில் எலும்பு மோதுகிற சத்தம். இருட்டில் யார் யாருக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்து மூன்று பேருக்கும் குறுக்கே நாற்பத்திரண்டு பேர். தற்காப்பு, தற்காப்பு என்று கூடம் முழுக்கக் குரல். நாற்காலிகள் உடைந்தன. அளவர், இது பெரியது, இது பெரியது என்று கொஞ்ச நேரம் கத்தினார், பிறகு கத்தவில்லை. எழுத்தர், நான் நேற்று லீவு என்றார். யாரோ மைக்கால் யாரையோ அடித்தார்கள். அது ஒலிபெருக்கியில் கேட்டது. தகடு உள்ளிருந்து இடிபட்டு அதிர்ந்தது. பத்த வைத்த இடம் ஒன்றும் விடவில்லை.

தெருவில் நாலு பேர் கூடினார்கள். உள்ளே என்ன சண்டையா என்று ஒருவர் கேட்டார்.

"சண்டை எல்லாம் இல்லைங்க" என்றார் கிரில்காரர், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "யாரும் யாரையும் அடிக்கலை. தற்காத்துக்கிறாங்க."

மகள் மிச்சக் கம்பியை எடுக்க வாசல் கேட் பக்கம் வந்தாள். வேலையின் மும்முரத்தில் அவள் கோட்டைத் தாண்டியதை அதுவரை கவனிக்காமல் இருந்த மீசைக்காரர், கடமை ஞாபகம் வந்து, கையை ஓங்கி அவள் கன்னத்துக்கு இறக்கினார். கை பாதி வழியில் நின்றது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்பன் கை, பிடித்தால் விடாது.

மீசைக்காரர் திகைத்துப்போய், "உரிமம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை. என் மேல எழுதிக் குடுங்க" என்றாள்.

எங்கே கொடுப்பது என்று அவர் திரும்பிப் பார்த்தார். ஜன்னல் இருந்த இடத்தில் தகடு. கதவு இருந்த இடத்தில் தகடு. இரும்பு இன்னும் சிவப்பு ஆறாமல் புகைந்துகொண்டிருந்தது. அவர் கை தளர்ந்தது, மீசையும் தளர்ந்தது.

கிரில்காரர் சாமான்களை வண்டியில் ஏற்றி முடித்தார். விடும்மா, போகலாம் என்றார்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் அவள், பிடியை விடாமல். "இப்பதான் முதல் தடவை பிடிக்கிறேன்."